பட்டாளத்துப் பாதிரியார்

மாத்தளை நகருக்குள்ளே கோட்டை வாயில் ஒன்று நிற்கிறது. கோட்டை இல்லை, வாயிலும் மதிலின் சில கூறுகளுமே எஞ்சியுள்ளன. கண்டி இராச்சியத்தின் மீது ஆங்கிலேயர் முதன்முறையாகப் படையெடுத்த 1803 ஆம் ஆண்டில், அவர்தம் படைத்தலைவரான மக்டோவல் என்பாரின் பெயரால் எழுந்த கோட்டை அது. வாயிலைக் கடந்து உள்ளே சென்றால் இன்று நம் கண்ணிற் படுவன கல்லறைகளே. காவலரண் இடுகாடாகிவிட்டது. இவ்வூருக்குத் தமிழ் கற்பிக்க வந்த நாள்முதல் அவ்வாயிலைப் பலமுறை கடந்து சென்றிருக்கிறோம். மாணாக்கர்க்கு அதனைச் சுட்டிக்காட்டி ஆண்டும் பெயரும் சொல்லியிருக்கிறோம். ஆயினும் அதன் முன்னே நின்று நாம் வெட்கப்பட நேர்ந்தது 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேதான். வெட்கப்பட வைத்தவர் ஒரு முதியவர். பட்டாளத்திலே பாதிரியாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

அந்த மாதத்தின் சிறப்பை மலையக வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். தென்னிந்தியத் தமிழர் இத்தீவின் தோட்டங்களுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூரும் பொருட்டு, ஜூலைக் கடைசியில் தலைமன்னாரிலே தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டு 12 ஆம் நாள் மாத்தளையை வந்தடைந்தது. பயணம் ஏன் நுவரெலியாவிலோ அட்டனிலோ முடியவில்லை என்று வெளியூர் நண்பர் சிலர் கேட்டனர். காரணம் உண்டு. கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நூறு மைலுக்கு மேல் நடந்து, மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளைக்கே முதலில் வந்து சேர்ந்தனர். வழியிலே தண்ணீர் இல்லை, தங்குமிடம் இல்லை, வாந்திபேதி உண்டு, காய்ச்சல் உண்டு. கங்காணியின் கணக்கிலே குறித்த நாளில் தோட்டம் போய்ச் சேரவேண்டும். ஆகவே நடக்க முடியாதவர் பாதையோரத்தில் விடப்பட்டனர். கூட்டம் முன்னே போய்க்கொண்டிருந்தது. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இன்று ஐந்து தேர்கள் பவனி வருகின்றன. அந்தத் தேர்களின் வடம் பற்றும் கைகளிற் பல, அப்பாதையில் எஞ்சி வந்தோரின் பேரப்பிள்ளைகளின் கைகளே.

ஊர்வலம் நகருக்குள் நுழைந்த அந்த நாளிலே, வீதியோரத்துக் கடை ஒன்றின் முன்னால் நாற்காலியில் அமர்ந்திருந்தார் அவர். கையிலே ஊன்றுகோல். வெள்ளைச் சட்டை. முதுகு மட்டும் நாற்காலியிலே சாயவில்லை. அணிவகுப்பில் நின்று பழகிய முதுகு.

“தம்பி, இந்த ஊர்வலம் கோட்டை வாயில் பக்கம் போகுமா?” என்று கேட்டார்.

பேச்சிலே மலையகத்தின் சாயலும் இருந்தது. வேறொரு சாயலும் கலந்திருந்தது. “ஐயாவுக்கு எந்த ஊர்?” என்றோம்.

அவர் சிரித்தார். “இதே கேள்வியை இரண்டு அரசாங்கங்கள் என்னிடம் கேட்டுவிட்டன. இன்னும் சரியான பதில் கிடைக்கவில்லை.”

அவர் பெயரை நாம் இங்கே எழுதவில்லை. எழுதவேண்டாமென்று அவரே கேட்டுக்கொண்டார். அவர் 1955 ஆம் ஆண்டு எல்கடுவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவர். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய பெற்றோரை நாடற்றவராக்கிய பின்னரே அவர் பிறந்தார். பிறந்தபொழுதே எந்த நாட்டுக்கும் உரியவரல்லர். 1964 ஆம் ஆண்டு அக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், ஏறத்தாழ ஒன்பதே முக்கால் இலட்சம் மனிதரை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பேசித் தீர்ப்பதற்கு. அவர்களும் 1974 இல் பாதி பாதியாகப் பிரிக்கப்பட்டனர். கடையிலே அரிசி நிறுத்துக் கொடுப்பதுபோல் மனிதர் நிறுக்கப்பட்ட அந்தக் கணக்கிலே இவர் குடும்பம் இந்தியப் பங்கில் விழுந்தது. அப்பாயி மட்டும் விழவில்லை. அவருடைய விண்ணப்பம் வேறு கட்டிலே இருந்தது. அன்றியும் அவர் நடக்கக்கூடிய நிலையிலும் இல்லை. 1973 இல் பதினெட்டு வயது இளைஞராக இவர் தலைமன்னாரிலே இராமானுஜம் கப்பல் ஏறியபொழுது, கிழவி லயத்து வாசலிலே பாயில் கிடந்தார்.

“நாங்கள் போகிறபோது அவர் எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் தூக்கினார். ஆசீர்வதித்தாரா, நில் என்றாரா என்று இன்றுவரை தெரியாது.”

மண்டபம் முகாம், பின்னர் நீலகிரித் தேயிலைக் காடு. இங்கே ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரன்’ ஆனார். தோட்டத்துச் சிறு கோயிலொன்றில் உபதேசியாருக்கு உதவியாளாய்த் தொடங்கி, இறையியல் பயின்று, குருப்பட்டம் பெற்று, 1986 இல் இந்தியத் தரைப்படையிலே மத ஆசிரியராகச் சேர்ந்தார். படையிலே பண்டிதர், கிரந்தி, மௌலவி, பாதிரி என எல்லாச் சமயத்தார்க்கும் ஆசிரியர் உண்டு. இவர்களையெல்லாம் பூனா நகரிலே ஒரே கூரையின் கீழ்ப் பயிற்றுவிக்கிறார்கள். பல படைப்பிரிவுகளிலே எல்லாச் சமயத்துக்கும் பொதுவான வழிபாட்டிடமும் உண்டு. இறந்தவரை அடக்கம் செய்தல், மருத்துவமனையிலே நோயாளரோடு ஜெபித்தல், தண்டனை பெற்றுச் சிறையிலிருக்கும் சிப்பாய்களைச் சென்று காணல், பிள்ளைகளுக்குச் சமயம் கற்பித்தல், இவையே கடமைகள். சிப்பாய்கள் அவரைப் ‘பாதிரி சாகிப்’ என்றனர்.

“ஏன் ஐயா பட்டாளத்துக்குப் போனீர்கள்?” என்று கேட்டோம்.

“சோற்றுக்குத்தான். வேறு பெரிய காரணம் சொன்னால் பொய்யாகிவிடும்” என்றார்.

கூட்டம் கலைந்தபின் அவரைக் கோட்டை வாயிலுக்கு அழைத்துச் சென்றோம். ஆசிரியத் தொழிலின் பழக்கம் விடுமா? வாயிலைக் காட்டி வரலாறு சொல்லத் தொடங்கினோம். 1803 ஜூனிலே கண்டியிலிருந்த ஆங்கிலப் படை அழிந்தது. அவ்வேளை இக்கோட்டையிலிருந்த காப்டன் மட்ஜ் என்பவர் தம் படையோடு பின்வாங்கித் திருகோணமலையை நோக்கி நடந்தார். நடக்க முடியாத நோயாளிச் சிப்பாய்களைக் கோட்டையிலேயே விட்டுச் சென்றார். இவ்வளவையும் வகுப்பிற் சொல்வதுபோலவே ஒரே மூச்சிற் சொல்லி முடித்தோம்.

அவர் ஊன்றுகோலை மதிலிற் சாய்த்துவிட்டு நம்மை ஏறிட்டுப் பார்த்தார். “நோயாளிகளோடு யாராவது தங்கினார்களா?” என்றார்.

நாம் திகைத்தோம். பல ஆண்டுகளாக இக்கதையைச் சொல்லிவருகிறோம். மட்ஜ் எவ்வழி சென்றார், எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். விட்டுச் செல்லப்பட்டவரைப் பற்றி ஒருநாளும் நாம் கேட்டதில்லை. மாணாக்கரைக் கேட்கவைத்ததும் இல்லை. ஆக்கிரமிப்பாளனின் சிப்பாய்தானே என்று ஒதுக்கிவிட்டோம் போலும். ஆனால் அந்தச் சிப்பாயும் தன் நாட்டிலே பிழைப்பற்றுக் கூலிக்காகச் சீருடை உடுத்தவனாயிருக்கலாம் என்பதை, வர்க்கம் பற்றி வாய் ஓயாது பேசும் நாமன்றோ முதலில் எண்ணியிருக்க வேண்டும்?

மதிலோரத்துக் கல்லொன்றில் அமர்ந்து அவர் பேசினார். 1987 ஜூலையில் இந்திய–இலங்கை ஒப்பந்தம் ஆயிற்று. இந்தியப் படை இத்தீவுக்கு வந்தது. 1990 மார்ச்சிலே திரும்பியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் அந்தப் போரிலே மாண்டனர். இத்தீவின் மக்கள் பட்டதை நம் வாசகருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. இவர் அவ்வாண்டுகளிலே தீவுக்கு வரவில்லை. தென்னிந்தியாவிலே படை மருத்துவமனை ஒன்றிலே பணி செய்தார். தீவிலிருந்து காயம்பட்டோர் அவரிடம் வந்தனர்.

“வடகிழக்கு மலைப்பக்கத்துப் பையன் ஒருவன். இருபது வயதிருக்கும். கண்ணிவெடியிலே ஒரு கால் போய்விட்டது. அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அவன் மொழி தெரியாது. இருவருக்கும் தெரிந்த அரைகுறை இந்தியிலே பேசுவோம். ஒருநாள் கேட்டான்: ‘பாதிரி சாகிப், அந்தத் தீவு உங்களுக்குத் தெரியுமா?’ தெரியாது என்றேன்.”

சற்றுநேரம் அவர் பேசவில்லை.

“சீருடையோடு இருந்தேன். நான் அங்கே பிறந்தவன் என்று தெரிந்தால் யார் எப்படி நினைப்பார்களோ என்ற பயம். பேதுரு மூன்று தடவை மறுதலித்தார். நான் ஒரே தடவைதான். ஆனால் பேதுருவுக்குச் சேவல் கூவியது. எனக்கு அது கூவுவதற்கு முப்பத்தைந்து வருடம் ஆயிற்று. அதனால்தான் இங்கே வந்தேன்.”

நாம் முற்போக்குப் பள்ளியிலே பயின்றவர்கள். மதத்தை மார்க்ஸ் அபினுக்கு ஒப்பிட்டதை மனத்தில் வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டோம்: “ஐயா, நீங்கள் செய்தது என்ன? காயம்பட்டவனைத் தேற்றினீர்கள். தேறியவன் மறுபடியும் களத்துக்கே அனுப்பப்பட்டான். யுத்தம் என்னும் ஆலைக்கு எண்ணெய் விட்டவர்களில் நீங்களும் ஒருவரல்லவா?”

கேள்வி கடுமையானது. கேட்டபின் நாவைக் கடித்துக்கொண்டோம். அவரோ கோபங்கொள்ளவில்லை.

“ஆமாம்” என்றார். “நீங்கள் அபின் என்று சொல்லவந்தீர்கள், வயதுக்கு மரியாதை கொடுத்துச் சொல்லாமல் விட்டீர்கள். அபினிலிருந்து எடுக்கும் மருந்தை ஊசியாகப் போடுவதை மருத்துவமனையிலே தினமும் பார்த்தவன் நான். கால் அறுந்து துடிக்கிறவனுக்கு அது வேண்டும் தம்பி. அதைக் கொடுக்காதே என்பவன் மனிதனல்ல. ஆனால் அதை மட்டும் கொடுத்துவிட்டுக் காயத்தைப் பார்க்காமல் போகிற வைத்தியனை என்ன சொல்வீர்கள்? பட்டாளத்திலே நான் அப்படிப்பட்ட வைத்தியனாகத்தான் இருந்தேன். காயம் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு அதிகாரமில்லை, தைரியமும் இல்லை.”

இந்த மனக்குழப்பம் அவர் ஒருவருக்கே நேர்ந்ததன்று. முதலாம் உலக மகாயுத்தத்திலே ஆங்கிலப் படையின் குருவாயிருந்த ஸ்டட்டர்ட் கென்னடி என்பவரை வாசகரிற் சிலர் அறிந்திருப்பர். ஊஸ்டர் நகரிலே ஏழைகள் வாழும் பகுதியொன்றின் கோயிலிலிருந்து 1915 இறுதியிலே போர்முனைக்குச் சென்றவர். சிப்பாய்களுக்கு ஊட்பைன் என்னும் மலிவான சிகரெட்டுகளைப் பகிர்ந்தமையால் ‘ஊட்பைன் வில்லி’ என்றே பெயர் பெற்றார். போர்முனையிலே காயம்பட்டோரைக் காத்தமைக்காக 1917 இல் விருதும் பெற்றார். போர் முடிந்து ஊர் திரும்பியபொழுது அவர் வேறு மனிதராயிருந்தார். போரைப் புனிதமெனப் பேசிய நாவாலேயே போர் பாவமென்று பேசினார்; தொழிலாளர் பக்கம் நின்று, ஊரூராகச் சென்று, முதலாளித்துவத்தின் அநீதியைச் சாடினார். 1929 மார்ச்சிலே லிவர்ப்பூலில் நோயுற்று மாண்டபொழுது வயது 45. ஊஸ்டரிலே அவருடைய சவ ஊர்வலத்தைக் காண வந்த ஏழை மக்கள் மலர் தூவவில்லை. ஊட்பைன் பெட்டிகளை வீசினர். இச்செய்தியை நாம் சொன்னபொழுது நம் பாதிரியார், “அவர் பெரியவர். எனக்கு அந்த மாதிரிப் பேச்சு வராது” என்றார்.

பேச்சு வராவிட்டாலும் அவருக்கு வேறொன்று வந்தது. 2008 இல் படையிலிருந்து ஓய்வுபெற்று நீலகிரியிலே சிற்றூர்க் கோயிலொன்றிற்கு ஆயராகப் போனார். சபையார் பெரும்பாலும் தாயகம் திரும்பியோர்; தேயிலை பறிப்போர்; காய்கறித் தோட்டத்துக் கூலிகள். முதல் ஆண்டு முழுதும் பட்டாள ஒழுங்கிலேயே ஆராதனை நடத்தினாராம். மணி அடித்தால் சரியாகத் தொடக்கம். நாற்பது நிமிடத்தில் முடிவு. பின்வரிசையிலே கொழுந்துக்கூடையின் வார் நெற்றியில் பதித்த தழும்போடு பெண்கள் தாமதமாக வந்து நிற்பர். அவர் கண்டித்தார். ஒருத்தி சொன்னாள்: “ஐயா, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் வரவேண்டும். முதலில் வந்தால் நிறுவையில் திருட்டு. பிந்தி வந்தால் உங்களிடம் ஏச்சு.” மறுவாரமே ஆராதனை நேரம் மாற்றப்பட்டது.

பின்னர்க் கோயிற் பக்கத்து அறையிலே மேசை ஒன்று போட்டார். சனிக்கிழமைகளில் மனு எழுதினார். குடும்ப அட்டை தொலைத்தவர், சாதிச் சான்றிதழ் கிடைக்காத பிள்ளை, விதவை உதவித்தொகை நின்றுபோன கிழவி, குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா இல்லாதவர் என வரிசை நீண்டது. கிறித்தவர் மட்டும் வரவில்லை, எல்லோரும் வந்தனர். ‘கோயில் கச்சேரியாகிவிட்டது’ என்று முன்வரிசையார் முணுமுணுத்தனர்.

முன்வரிசையிலே ஒருவர் செல்வர். கோயிற் கூரையைப் புதிதாய்ப் போட்டுக் கொடுத்தவர். அவரே தோட்டத்துப் பெண்களுக்கு வட்டிக்குப் பணம் கொடுப்பவரும் ஆவார். வாரவட்டி. பாதிரியாருக்கு அது தெரியும். இரண்டு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை.

“கூரை ஒழுகாமல் இருந்தது தம்பி. அது ஒரு சுகம். அந்தச் சுகத்திலே வாயை மூடிக்கொண்டிருந்தேன். மனு எழுதுகிற மேசையிலே ஒரு பெண், ‘ஐயா, இந்தக் கூரை எங்கள் காசு’ என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்றிரவு தூங்கவில்லை.”

அடுத்த ஞாயிறு வட்டியைப் பற்றிப் பேசினார். பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. முன்வரிசை பல மாதங்கள் காலியாகவே இருந்தது. காணிக்கை குறைந்தது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. பெண்கள் தமக்குள்ளே சேர்ந்து சிறு சேமிப்பொன்றைத் தொடங்கினர். வட்டி ஒழிந்துவிடவில்லை, அவர் அப்படிப் பெருமை பேசவும் இல்லை. “சில பேர் மீண்டார்கள். சில பேர் மீளவில்லை. ஆனால் பட்டாளத்திலே இருபத்திரண்டு வருடம் கேட்காத கேள்வியை அந்தச் சின்ன ஊரிலே ஒரு நாள் கேட்டேன்” என்று மட்டுமே சொன்னார்.

அவரைப் பார்க்கையில் இம்மாவட்டத்து வரலாற்றிலிருந்து வேறொரு துறவியின் நினைவு எழுந்தது. 1848 இல் மாத்தளையிலே வரிக்கொடுமைக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது. புரன் அப்பு ஆகஸ்டு 8 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே மாதத்திலே கிளர்ச்சியாளர்க்குத் துணைநின்ற குற்றத்துக்காகக் குடாப்பொல என்னும் பிக்கு, உடுத்த காவியுடனேயே கண்டியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கியிலே இரண்டு வகை உண்டென்று அதுவரை எண்ணியிருந்தோம்; துப்பாக்கியின் பின்னால் நிற்பது ஒன்று, துப்பாக்கியின் முன்னால் நிற்பது மற்றொன்று. அன்று மாலை மூன்றாவது ஒன்றையும் கண்டோம். துப்பாக்கியின் பின்னால் நெடுங்காலம் நின்றுவிட்டு, முதுமையிலே மெல்ல நடந்து முன்பக்கம் வரும் அங்கி அது. முற்போக்காளர் பலர் இதனை ஏற்கமாட்டார்கள். தொடக்கத்திலேயே சரியான பக்கத்தில் நின்றவரை மட்டுமே நாம் வாழ்த்திப் பழகியவர்கள். ஆனால் சோற்றுக்காகப் பக்கம் மாறி நின்றவரே இவ்வுலகிற் பெரும்பான்மையோர். அவர்கள் திரும்பி வரும் பாதையை நாம் அடைத்துவிட்டால் நம் பக்கம் யார்தான் எஞ்சுவர்?

மறுநாள் அவரோடு எல்கடுவைப் பக்கம் போனோம். அப்பாயியின் புதைகுழியைத் தேடினார். தோட்டத்து இடுகாடு சரிவிலே இருந்தது. கல் இல்லை, பெயர் இல்லை, புல் மூடிய மேடுகள் மட்டுமே. நகரத்துக் கோட்டைக்குள்ளே பெயர் பொறித்த கல்லறைகள் பலவற்றை முந்தினநாள் கண்டிருந்தோம். இங்கே ஒரு நூற்றாண்டாகத் தேயிலையும் இறப்பரும் விளைவித்த மக்களுக்கு ஒரு பலகை கூட இல்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் மலையகத்தில் எஞ்சியிருந்த நாடற்றோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கிற்று. செத்தவர்க்கு அது எட்டவில்லை. முதியவர் எந்த மேடு என்று அறியாமல், எல்லா மேடுகளுக்கும் பொதுவாக நின்று ஜெபித்தார். ஜெபம் முடிந்து, “நான் தங்கியிருக்கலாம்” என்றார்.

“பதினெட்டு வயதுப் பையன், அரசாங்கக் கட்டளை, எப்படி ஐயா தங்குவது?” என்றோம்.

“அதெல்லாம் சரி. இருந்தாலும் யாராவது ஒருவர் தங்கியிருக்கலாம்.”

அவர் திரும்பிச் சென்றபின் பாடசாலை திறந்தது. வரவுப் பதிவேட்டைப் புரட்டினோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகவேண்டிய வகுப்பிலே நான்கு பெயர்கள்மீது சிவப்பு மையிலே கோடு இழுத்து ‘இடைவிலகல்’ என்று நம் கையாலேயே எழுதியிருந்தோம். நால்வரும் தோட்டத்துப் பிள்ளைகள். அவர்கள் நின்றுவிட்டதில் நமக்கு வருத்தம் இருந்தது உண்மை. கூடவே, சித்தியடைவோர் வீதம் குறையாது என்னும் நிம்மதியும் ஒரு மூலையில் இருந்தது. அதனை இப்பொழுது ஒப்புக்கொள்கிறோம். வகுப்பு முன்னே போகவேண்டும், பாடத்திட்டம் முடியவேண்டும் என்று காப்டன் மட்ஜைப் போலவே நாமும் நடந்தோம். பின்தங்கியோர் பெயருக்கு மேலே ஒரு கோடு இழுத்தோம்.

அந்தச் சனிக்கிழமை லயத்துக்குப் போனோம். நால்வரில் ஒருவன் கொழும்பிலே கடைச் சிப்பந்தியாகிவிட்டான். ஒருத்திக்குத் திருமணம் பேசிவிட்டார்கள். மற்ற இருவரையும் காண முடிந்தது. ஒருத்தி, தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போனமையால் தம்பிமாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருவன் கணிதம் விளங்காமையால் வெட்கப்பட்டு நின்றுவிட்டவன். அவன் வந்தான். அவள் வரவில்லை, ஆயினும் வார இறுதியிலே லயத்துக் காம்பிராவிலேயே படிக்க இசைந்தாள். அவளோடு லயத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரும் வந்து அமர்ந்தனர். இது பெரிய காரியமன்று. லயத்தை மாற்றாமல், கூலியை உயர்த்தாமல், காணியுரிமை தராமல், சனிக்கிழமை வகுப்பினால் மலையகம் விடிந்துவிடாது. அதற்கான போராட்டம் வேறு. அதிலே சங்கமாகவும் இயக்கமாகவும் நாம் நின்றாகவேண்டும். ஆனால் போராட்டத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் விழுந்தவனைத் தாண்டிப் போவோமாயின், மட்ஜின் படைக்கும் நம் இயக்கத்துக்கும் என்ன வேற்றுமை?

இப்பொழுதும் மாணாக்கரைக் கோட்டை வாயிலுக்கு அழைத்துச் செல்கிறோம். ஆண்டும் பெயரும் சொல்கிறோம். சொல்லி முடித்தபின், அந்த முதியவர் நம்மிடம் கேட்ட கேள்வியை அவர்களிடம் கேட்கிறோம். பிள்ளைகள் யோசிக்கிறார்கள். விடை பாடப்புத்தகத்திலே இல்லை என்பதை உடனே கண்டுகொள்கிறார்கள். ஆசிரிய நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு கோட்டை வாயில் இருக்கும். உங்கள் பதிவேட்டிலும் சிவப்புக் கோடுகள் இருக்கும். அவற்றை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.